எப்போதிருந்து என்று கேட்டவர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி வாசகம்: மாற்கு 9: 14-29)



இன்றைய நற்செய்தி ஒரு வாக்குவாதத்தில் தொடங்குகிறது. பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரோடும் இயேசு மலையிலிருந்து இறங்கி வருகிறார். அடிவாரத்தில் பெரிய கூட்டம். மற்றச் சீடர்களும் மறைநூல் அறிஞர்களும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாதத்துக்குக் காரணம் ஒரு சிறுவன். அவனுக்குப் பேச்சு வராது. திடீரென்று கீழே விழுவான், வாயில் நுரை தள்ளும், பற்களை நறநறவென்று கடிப்பான், உடம்பு கட்டைபோல ஆகிவிடும். தகப்பன் அவனைச் சீடர்களிடம் கொண்டுவந்தார். அவர்களால் முடியவில்லை. முடியவில்லை என்றதும் அவர்கள் என்ன செய்தார்கள்? பையனை விட்டுவிட்டு விவாதத்தில் இறங்கிவிட்டார்கள்.

இயேசு பையனை அழைத்துவரச் சொல்கிறார். அவருடைய கண்ணெதிரிலேயே அவன் விழுந்து புரள்கிறான். இந்த இடத்தில் நாம் எதிர்பார்ப்பது உடனடியான ஒரு புதுமையை. ஆண்டவரோ பையனைத் தொடுவதற்கு முன்னால் தகப்பன் பக்கம் திரும்பி, இவனுக்கு இது எப்போதிருந்து இருக்கிறது என்று விசாரிக்கிறார். சிறு வயது முதலே என்கிறார் தகப்பன். தீயிலும் தண்ணீரிலும் விழுந்து எத்தனையோ தடவை சாகப் பார்த்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்.

வழக்கமாக இந்தப் பகுதியைப் பற்றிப் பேசும்போது நாம் தகப்பனின் விசுவாசத்துக்குப் போய்விடுவோம், அல்லது செபத்தின் வல்லமைக்குப் போய்விடுவோம். இரண்டும் நல்லவைதான். இன்று அந்தக் கேள்வியோடு கொஞ்ச நேரம் இருப்போம். ஏனென்றால் நம் நாட்டில், நம் மாவட்டத்தில், சட்டத்தின் முன்னால் நிறுத்தப்படும் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்டே ஆக வேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது. அது ஒழுங்காகக் கேட்கப்படுகிறதா, கேட்கும்போது நாம் ஒழுங்காகப் பதில் சொல்கிறோமா என்பதைத்தான் இன்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

18 வயது நிறையாத ஒருவன் ஒரு வழக்கில் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். செல்போன் பறிப்பாக இருக்கலாம், வண்டித் திருட்டாக இருக்கலாம், கத்திக்குத்தாகவும் இருக்கலாம். செய்தி தெருவுக்கு வந்தவுடனே மலையடிவாரத்து வாக்குவாதம் நம் தெருவிலும் தொடங்கிவிடும். வளர்ப்பு சரியில்லை என்பார் ஒருவர். சினிமாவும் செல்போனும்தான் காரணம் என்பார் இன்னொருவர். நாலு போடு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மூன்றாமவர் தீர்ப்பே எழுதிவிடுவார். தொலைக்காட்சியில் இதே விவாதம் இன்னும் உரத்த குரலில் நடக்கும். பையன் எங்கே இருக்கிறான், எந்த நிலையில் இருக்கிறான், எப்போதிருந்து இப்படி இருக்கிறான் என்பது மட்டும் பேச்சில் வராது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இந்தப் பையனைக் காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறையிலும் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். குழுமம் என்றால் ஒரு நீதித்துறை நடுவர், அவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் பையனுடைய வீடு, பள்ளி, தெரு, தோழர்கள், உடல்நலம் எல்லாவற்றையும் விசாரித்து 15 நாட்களுக்குள் குழுமத்துக்கு அறிக்கை தர வேண்டும். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது.

இதற்கு மேல் இன்னொரு படி உண்டு. குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்று சட்டம் சொல்லும் கொடுங்குற்றங்களில், பிடிபட்டவனுக்கு 16 வயது நிறைந்திருந்தால், 15ஆம் பிரிவின்படி குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்ய அவனுக்கு மனதளவிலும் உடலளவிலும் திறன் இருந்ததா, பின்விளைவைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் அது நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அதை வைத்து அவனைச் சிறுவனாகவே விசாரிப்பதா, வயது வந்தவரைப்போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்று முடிவாகும். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமையில் பிடிபட்டவர்களில் ஒருவனுக்கு 18 நிறையவில்லை. அப்போது நாடு முழுவதும் எழுந்த கோபத்தின் பின்னணியில்தான் இந்தப் பிரிவு சட்டத்துக்குள் வந்தது.

கோபத்தில் பிறந்த சட்டமாக இருந்தாலும் அதற்குள் ஒரு கேள்வி இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கேள்வியை யார் கேட்பது? சட்டத்தின் வாசகம் குழுமம் அனுபவமுள்ள உளவியலாளரின் உதவியைப் பெறலாம் என்றது. பெறலாம் என்றால் பெறாமலும் விடலாம் அல்லவா? பல ஆண்டுகள் அப்படித்தான் புரிந்துகொள்ளப்பட்டது.

இதற்கு ஒரு முடிவு வந்தது மிகவும் துயரமான ஒரு வழக்கில். 2017 செப்டம்பரில் டெல்லியை அடுத்த குருகிராமில் ஒரு பள்ளிக்குள் 7 வயதுக் குழந்தை கொல்லப்பட்டது. முதலில் பள்ளிப் பேருந்தின் நடத்துநரைப் பிடித்தார்கள். பிறகு வழக்கு மத்தியப் புலனாய்வுக்குப் போனது. அவர்கள் அதே பள்ளியில் படித்த 16 வயது மாணவனைக் கைது செய்தார்கள். அவனைப் பெரியவனாக விசாரிக்க வேண்டும் என்று குழுமம் முடிவு செய்தது. மதிப்பீடு சரியாக நடக்கவில்லை, திரும்பச் செய்யுங்கள் என்றது உயர் நீதிமன்றம். இறந்த குழந்தையின் தகப்பன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2022 ஜூலை 13 அன்று நீதியரசர்கள் தினேஷ் மகேஸ்வரி, விக்ரம் நாத் இருவரும் தீர்ப்பளித்தார்கள். குழுமத்தில் குழந்தை உளவியலோ குழந்தை மனநல மருத்துவமோ படித்த உறுப்பினர் இல்லாவிட்டால் நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றார்கள். பெறலாம் என்பது பெற்றே ஆக வேண்டும் என்று ஆனது.

அந்தத் தகப்பனை நாம் மறந்துவிடக் கூடாது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பிணமாகத் திரும்பப் பெற்றவர் அவர். குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைக்காக இரக்கம் பேசுகிறவர்கள் பாதிக்கப்பட்ட வீட்டு வாசலைத் தாண்டிக்கொண்டு போய்ப் பேசினால் அது நற்செய்தி ஆகாது. அவருடைய கண்ணீருக்குக் கடன்பட்டவர்களாக இருந்துகொண்டேதான், அவசரமாக எழுதிய ஒரு மதிப்பீட்டால் அவருக்கும் நீதி கிடைக்காது என்று நாம் சொல்ல வேண்டும். முதலில் கைதான நடத்துநரை நினைத்துப் பாருங்கள். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று ஊரே நம்பிய நாட்கள் அவை.

இந்த மதிப்பீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் அதை மறைக்காமல் பேச வேண்டும். ஒரு மனநல மருத்துவரிடம் நம் பிள்ளையைக் கூட்டிப்போனால் அவர் கேட்பதெல்லாம் அவனைக் குணமாக்குவதற்கு. அதே மருத்துவர் 15ஆம் பிரிவின்கீழ்க் கேட்டால், அவன் சொல்லும் பதில் அவனைப் பெரியவர்களின் தண்டனைக்கு அனுப்பவும் காரணமாகலாம். அறை ஒன்று, நாற்காலி ஒன்று, கேட்பவரின் குரலும் அதே கனிவான குரல். ஆனால் நோக்கம் வேறு. குற்றம் செய்தானா என்பதே இன்னும் தீர்மானமாகாத நேரம் அது. முதற்கட்ட மதிப்பீடு விசாரணை அல்ல என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. அப்படியிருந்தும் பயந்துபோன ஒரு பையன் யாரோ ஒருவர் அன்பாகப் பேசினார் என்பதற்காகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவான்.

கத்தோலிக்கர்களாகிய நமக்கு இது சட்டென்று புரியும். ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் அருள்பணியாளரிடம் சொல்வது முத்திரையிடப்பட்டது. எந்த அரசும் எந்த நீதிமன்றமும் கேட்டாலும் அது வெளியே வராது. மதிப்பீட்டு அறையில் அந்த முத்திரை கிடையாது. அங்கே சொல்வது குழுமத்தின் மேசைக்குப் போகும். ஆகையால் மதிப்பிடுகிறவர் முதல் வேலையாக அதைப் பையனுக்குப் புரியும் தமிழில் சொல்லிவிட வேண்டும் என்பது நம் எண்ணம். சொல்லாமல் கேட்பது, எவ்வளவு கனிவாகக் கேட்டாலும், ஏமாற்றுதான்.

இன்னொன்று. புத்திக்கூர்மைச் சோதனை ஒன்றை வைத்து, மதிப்பெண் சராசரிக்குக் கிட்டே வந்துவிட்டது, ஆகவே பையனுக்குப் பின்விளைவு தெரிந்திருக்கும் என்று எழுதிவிட முடியாது. பின்விளைவு தெரிவது ஒன்று. தெரிந்தும் அந்த நொடியில் கையைக் கட்டுப்படுத்துவது வேறு. ஆத்திரத்தை அடக்கி யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்கிறது மருத்துவம். நம் வீட்டுப் பிள்ளைகள் தோழர்கள் நாலு பேர் சேர்ந்தால் எப்படி மாறிவிடுகிறார்கள் என்பதைப் பார்த்த எந்தத் தாய்க்கும் இதற்கு மருத்துவச் சான்று தேவைப்படாது.

இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1899ஆம் ஆண்டு சிறுவர்களுக்கென்று தனி நீதிமன்றம் தொடங்கினார்கள். அங்கே வரும் பிள்ளைகளில் சிலர் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, 1909இல் வில்லியம் ஹீலி என்ற மருத்துவரை அழைத்தார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்து அவனுடைய கதையைக் கேட்டார். இன்று உலகெங்கும் உள்ள குழந்தை மனநல நிலையங்களுக்கு அது ஒரு தொடக்கம். அதே சிகாகோவில் தடுப்பு இல்லத்தில் இருந்த 1,829 இளையோரை ஆராய்ந்து லிண்டா டெப்லின் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கும், பெண் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்கும் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது தெரியவந்தது. அந்த எண்ணிக்கையை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனால் பிடிபட்ட பிள்ளைகளில் நோயுள்ளவர் யாரோ ஒருவர் இருவர்தான் என்று இனி யாரும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

நம் தமிழகத்துக்கும் இதில் பழைய வரலாறு உண்டு. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டத்தை இந்தியாவில் முதன்முதலில் இயற்றியது சென்னை மாகாணம்தான், 1920இல். செங்கல்பட்டில் இருக்கும் அரசு இல்லம் வெள்ளைக்காரர் காலத்துச் சீர்திருத்தப் பள்ளியின் வழிவந்தது. அந்தச் செங்கல்பட்டில், நம் மறைமாவட்டத்தின் தலைநகரிலேயே, 2022ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் ஒரு 17 வயதுப் பிள்ளை இறந்துபோனான். ரயில்வே பொருளைத் திருடியதாகப் பிடித்து இல்லத்துக்கு அனுப்பப்பட்டவன். உள்ளே வந்து ஓரிரு நாளுக்குள் செத்துப்போனான். ஊழியர்கள் அடித்ததால்தான் இறந்தான் என்று வழக்குப் பதிவாகி, இல்லத்தின் ஊழியர்கள் 6 பேர் கைது செய்யப்பட்டார்கள். அதன் பிறகு இப்படிப்பட்ட இல்லங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய ஓய்வுபெற்ற நீதியரசர் கே.சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது.

நாம் புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலிக்குப் பாடல் பயிற்சி செய்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்தப் பிள்ளை இல்லத்துக்குள் காலெடுத்து வைத்த அன்று யாராவது அவனை உட்காரவைத்து, தம்பி, சாப்பிட்டாயா, தூங்கினாயா, வீட்டில் யார் இருக்கிறார்கள், உனக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தால்? மனநல மதிப்பீடு என்றதும் பெரிய பெரிய படிவங்களை நினைத்துக்கொள்கிறோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இந்தப் பிள்ளைகளுக்கென்றே நல்ல படிவங்களைத் தயாரித்துத் தந்திருக்கிறது, அவை தேவைதான். ஆனால் முதல் நாள், முதல் மணி நேரத்தில் தேவைப்படுவது, சாகத் தோன்றுகிறதா, அடிபட்டிருக்கிறதா, போதைப் பழக்கம் நின்றதால் உடம்பு நடுங்குகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒரு மனித முகம். அது தண்டிப்பதா விடுவிப்பதா என்று முடிவு செய்வதற்கான மதிப்பீடு அல்ல. உயிரோடு வைத்திருப்பதற்கானது. இரண்டையும் ஒருவரே ஒரே அமர்வில் செய்யாமலிருப்பது நல்லது.

இனி நம் ஊருக்கு வருவோம். காஞ்சிபுரம் என்றால் பட்டு, கோயில் என்று உலகத்துக்குத் தெரியும். கோர்வைச் சேலை நெய்ய, கரைப்பக்கத்து நாடாவை எறிய நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். வெகுகாலம் அந்த இன்னொரு ஆள் ஒரு குழந்தையாக இருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தறியில் உட்காரவைத்த காலம் அது. 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற அமைப்பு பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் நம் ஊரும் இருக்கிறது. பிள்ளைகள் தறிக்குழியிலிருந்து எழுந்து பள்ளிக்குப் போனது பெரிய காரியம். அதற்காக உழைத்த ஆசிரியர்களையும் அதிகாரிகளையும் அருள்சகோதரிகளையும் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் அன்று தறியில் உட்கார்ந்த குழந்தைகள் இன்று தகப்பன்மார். பள்ளிக்கூடம் பார்க்காமல், அடியும் வசவும் வாங்கி வளர்ந்தவர்கள் சிலர். தறி ஓட்டம் குறைந்து, கூலி போதாமல், மாலையானால் குடிக்குப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய பிள்ளை 9ஆம் வகுப்பில் நின்றுவிடுகிறான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிகளில் 18 ஆகாமல் எடுக்க மாட்டார்கள். படிப்பும் இல்லை, வேலையும் இல்லை. ஏரிக்கரையில் கஞ்சாவும் வலி மாத்திரையும் எளிதாகக் கிடைக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு பையன் ஒருநாள் பிடிபட்டால், எப்போதிருந்து என்ற கேள்விக்குப் பதில் அவனுடைய பிறப்புக்கும் முன்னால் போகிறது. தறியில் இழை அறுந்தால் அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போடுவார்களே தவிர, பாவைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார மாட்டார்கள்.

இங்கேதான் நம் பங்குக் குடும்பங்களிடம் மனம்விட்டுப் பேச விரும்புகிறோம். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும்போது நாம் என்ன சொல்கிறோம்? எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை சார், அவன் கூடா நட்பால் கெட்டுப்போனான் என்கிறோம். கணவர் குடித்துவிட்டு வந்து பிள்ளையைக் கட்டிவைத்து அடித்ததைச் சொல்வதில்லை. சிறு வயதில் மாடியிலிருந்து விழுந்து தலையில் தையல் போட்டதைச் சொல்வதில்லை. அவனுக்கு வலிப்பு வந்ததை, இரவில் எழுந்து அழுததை, ஒருமுறை மருந்து குடிக்கப் பார்த்ததைச் சொல்வதில்லை. உறவுக்காரர் ஒருவர் அவனிடம் தகாத முறையில் நடந்துகொண்டது தெரிந்திருந்தால், அதை நிச்சயம் சொல்வதில்லை. மானம் போய்விடுமாம். மனநல மருத்துவரிடம் காட்டினால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள், நாளைக்கு எவன் பெண் கொடுப்பான் என்று தாய் அழுகிறார்.

அந்தப் பயத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அது உண்மையான பயம். ஆனால் சட்டம் இதில் பெற்றோர் பக்கம்தான் இருக்கிறது. பிள்ளையைப் பற்றிய அறிக்கைகளை இரகசியமாக வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அவனுடைய பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் பத்திரிகையோ தொலைக்காட்சியோ வெளியிடக் கூடாது. வெளியிட்டால் அதுவே குற்றம். பெரியவராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர்கள் நீங்கலாக, மற்றப் பிள்ளைகளுக்கு இந்த வழக்கு பிற்காலத்தில் படிப்புக்கோ வேலைக்கோ தகுதிக்குறைவு ஆகாது. நற்செய்தியில் வரும் தகப்பன் ஊர்க்கூட்டத்தின் நடுவில், சட்டம் படித்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னார். நம்மைக் கேட்பது ஒரு மூடிய அறையில், ஒரே ஒருவரிடம் சொல்லும்படிதான்.

போகிற போக்கில் ஒரு சிறு தகவல். வயதை நிரூபிக்கத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டுப் பங்கு அலுவலகங்களுக்குச் சிலர் பதற்றத்தோடு வருவதுண்டு. இளைஞர் நீதிச் சட்டம் வயதுக்கு முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். நம் பதிவேடு அந்த வரிசையில் இல்லை. ஆகவே பள்ளிக்கு முதலில் ஓடுங்கள்; நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வலிப்பும் மனக்கலக்கமும் உள்ள பிள்ளைகளைச் செபக்கூட்டத்துக்கு மட்டும் கூட்டிப்போய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகாத பெற்றோரும் நம்மில் உண்டு. இவ்வகைக்குச் செபம் தேவை என்று ஆண்டவர் இந்தப் பகுதியின் முடிவில் சீடர்களிடம் சொல்வதை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆண்டவர் அதைச் சொன்னது தகப்பனிடம் அல்ல, தோற்றுப்போன சீடர்களிடம். செபிக்காமல் பணி செய்ய வந்தவர்களுக்கான கண்டிப்பு அது. மருத்துவரை மதிக்கும்படியும், மருந்தை மண்ணிலிருந்து படைத்தவர் கடவுளே என்றும் சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. செபியுங்கள், நோன்பிருங்கள், வேளாங்கண்ணிக்கு நடந்தும் போங்கள். அதோடு மாத்திரையையும் தவறாமல் கொடுங்கள். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளை ஆபத்தில் இருந்தால் 1098. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும்; குழந்தைக்கு அது உரிமை, யாரும் செய்யும் தயவு அல்ல.

2013ஆம் ஆண்டு, திருத்தந்தையாகப் பொறுப்பேற்ற சில வாரங்களில், பெரிய வியாழன் அன்று திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையின் காசால் தெல் மார்மோ சிறார் சிறைக்குப் போனார். 12 இளையோரின் பாதங்களைக் கழுவி முத்தமிட்டார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், வேறு சமயத்தவரும் இருந்தார்கள். 10 ஆண்டுகள் கழித்து, 2023இல், உடல்நலம் குன்றியிருந்த நாட்களிலும் அதே இடத்துக்குத் திரும்பப் போனார். தொன் போஸ்கோவின் பணிக்கும் இப்படி ஓர் இடம் உண்டு. துரின் நகரச் சிறைகளில் இளைஞர்கள் அடைபட்டுக் கிடந்ததையும், விடுதலையானவர்கள் வெளியே யாரும் ஏற்காததால் திரும்ப உள்ளேயே வந்ததையும் பார்த்துத்தான் அவருடைய உள்ளம் எரிந்தது.

அந்தத் திரும்ப வருவதைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். நற்செய்தியில் தீய ஆவி போனபின் பையன் அசைவற்றுக் கிடக்கிறான். பார்த்தவர்களில் பலர் அவன் செத்துவிட்டான் என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள். இயேசு அவன் கையைப் பிடித்துத் தூக்குகிறார், எழுந்து நிற்கிறான். நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் குழுமம் ஜாமீன் கொடுத்து வீட்டுக்கே அனுப்பிவிடும்; ஜாமீன்தான் விதி, மறுப்பது விதிவிலக்கு. பையன் அதே தெருவுக்கு வந்துவிடுவான். கூர்நோக்கு இல்லத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறவனும் அதே தெருவுக்குத்தான் வருவான். மதிப்பீட்டு அறிக்கையில், வாரம் ஒருமுறை ஆலோசனை தேவை, படிப்பைத் தொடர உதவி தேவை என்று எழுதியிருப்பார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூலி வேலை செய்யும் தாய் யாரைப் பார்ப்பார்? வாய்தா நாளில் அவருடைய ஒருநாள் கூலி போகும். மருத்துவமனை நாளில் இன்னொரு நாள் கூலி போகும். மூன்றாவது வாரம் அவர் போக மாட்டார், போக முடியாது.

ஆகவே ஒவ்வொரு அன்பியத்திலும் ஒருவராவது, வின்சென்ட் தே பவுல் சபையினரோ மரியாயின் சேனையினரோ, அந்தத் தாயோடு ஒரு நாள் மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நிற்க முன்வர வேண்டும். அறிவுரை சொல்ல வேண்டாம், நிற்க ஆள் இருந்தால் போதும். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டும். வண்டி பழுதுபார்க்கும் கடையிலோ, மின் வேலையிலோ, தச்சுப் பட்டறையிலோ சட்டம் அனுமதிக்கும் வயதில் ஒரு பையனுக்கு வேலை கற்றுத்தர மனமுள்ளவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவரவர் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். உங்கள் பெயரையும் நீங்கள் ஒதுக்கக்கூடிய நாளையும் மட்டும் எழுதிக்கொள்வார்கள். பையனுடைய பெயரை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள்.